தகட்டில் வெட்டிய ஓட்டை

விளிம்பு நசுங்கிய அந்தத் தம்ளரைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

என் மகன் சென்னை வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊர் மேலகரத்துக்கே வந்துவிட்டான். முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து, குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் மீட்டர்களை வடிவமைத்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் புரிகிற மாதிரி ஒரு நாள் காட்டினான். குழாய்க்கு நடுவே ஓட்டை போட்ட ஒரு தகடு. தண்ணீர் அதில் நெருக்கிக்கொண்டு போகும்போது முன்னால் ஒரு அழுத்தம், பின்னால் ஒரு அழுத்தம். அந்த வித்தியாசத்தை வைத்து எவ்வளவு ஓடுகிறது என்று மீட்டர் சொல்லுமாம். குழாயின் அகலத்தைக் கொடுத்தால், ஓட்டை எத்தனை பெரிசு வேண்டும் என்று சாஃப்ட்வேரே கணக்குப் போட்டுவிடும். ஓட்டை அதைவிடப் பெரிசானால் அந்த அழுத்த வித்தியாசம் குறைந்துபோகுமாம். திரையில் நீலமாகத் தண்ணீர் ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எங்கள் தெருவுக்கும் குற்றாலம் ரோட்டில் உள்ள லாட்ஜுக்கும் ஒரே கிணறு. சீசன் வந்தால் சாரலோடு கூட்டமும் வரும். லாட்ஜ் மோட்டார் நிற்காது. எங்கள் குழாயில் காற்றுதான் வரும். சண்டை போட்டுப் போட்டு, கடைசியில் லாட்ஜ் குழாயில் மீட்டர் வைப்பது, பேசிய அளவுக்கு மேல் எடுத்தால் நிறுத்துவது என்று முடிவானது. மீட்டர் வேலையை என் மகனிடமே கொடுத்தார்கள். நம்ம தெருப் பிள்ளை என்ற நம்பிக்கை.

ஒரு மத்தியானம் லாட்ஜ்காரர் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். ஆம்பளைகள் பேசும் இடத்தில் நிற்க எனக்கு எப்போதும் கூச்சம்.

"கம்ப்யூட்டர்ல கணக்கு கணக்காவே இருக்கட்டும் தம்பி. தகட்டுல மட்டும் ஓட்டையக் கொஞ்சம் பெருசா வெட்டிருங்க. மீட்டர் கம்மியாக் காட்டும்லா?"

மகன் அவரை வெளியே போகச் சொல்வான் என்று காத்திருந்தேன். சிரித்தான். மற்ற லாட்ஜ் வேலைகளையும் வாங்கித் தருவதாக அவர் சொன்னதற்குத் தலையாட்டினான்.

அவர் போனபின் அவர் குடித்த அந்த விளிம்பு நசுங்கிய தம்ளரை எடுக்கப் போனேன். மென்ற வெற்றிலையை அதற்குள்ளேயே துப்பி வைத்திருந்தார். அதையும் என் மகன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். புளி போட்டுத் தேய்த்தேன். துப்பினவரை நினைத்து மட்டும் வந்த குமட்டல் இல்லை அது.

மீட்டர் பூட்டும் அன்று தெருவே கிணற்றடியில் கூடியது. எங்கள் பக்கம் புது மோட்டார் என்றாலும் சந்தனம் வைக்காமல் ஓடவிட மாட்டார்கள். தகட்டைத் தாம்பாளத்தில் வைத்து, பெற்றவள் நீங்களே வையுங்கள் என்று என்னிடம் நீட்டினார்கள். சந்தனத்தில் விரலைத் தோய்த்துவிட்டேன். தகட்டைத் தொடக் கை போகவில்லை. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

மகனுக்கு மட்டும் கேட்கட்டும் என்றுதான் மெதுவாகக் கேட்டேன். எல்லாரும் பேசாமல் நின்றதால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

"ஏலே, இது கம்ப்யூட்டர் சொன்ன ஓட்டைதானா?"

"எம்மா, ஒனக்கென்ன தெரியும், சும்மா இரு."

"ஆச்சிக்கு வெயிலு ஏறிட்டு போல" என்றார் லாட்ஜ்காரர். யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு வாத்தியார் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் போட்ட கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். என் மகன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தெருக்காரர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வேறு தகடு வெட்டி, வாத்தியார் அளந்து பார்த்த பிறகுதான் பூட்டுவது என்று சொல்லிக் கலைந்தார்கள்.

சாயங்காலம் மகன் வந்து காப்பி கேட்டான். விளிம்பு நசுங்கிய தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். எந்தத் தம்ளர் என்று அவனுக்கும் தெரியும். நசுங்கிய விளிம்பை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் குடித்தான்.