காம்பவுண்டு சுவரைத் தாண்டின ரோஜா

மீன் கழுவின தண்ணி வாசம் வந்தாலே எனக்கு இன்னிக்கும் ரோஜாதான் ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, நெஜமாத்தான்!

தொண்ணூறுகளோட ஆரம்பம். கல்யாணமாகி கீழ்க்கட்டளைல ஒரு சின்ன வீட்டுக்கு வந்திருந்தோம். தெருவுல எல்லாருக்கும் ரோஜா பைத்தியம். சைக்கிள்ல செடி கொண்டு வர்றவர்கிட்ட, பூத்து நிக்கறதா பார்த்து வாங்குவோம். நானும் ஒரு ஒட்டு ரோஜா வாங்கினேன்... நல்ல அடர் சிவப்பு.

வந்தப்போ இருந்த பூவோட சரி. அப்புறம் மொட்டே இல்ல. ஆனா ஒரு கிளை மட்டும் விறுவிறுன்னு கெளம்புச்சு பாருங்க... காம்பவுண்டு சுவரையே தாண்டிடுச்சு!

எங்க தெருவுல அதுதான் பெருமையே. "எங்களுது ஜன்னல் ஒசரம்", "எங்களுது சன்ஷேட தொட்டுடுச்சு"ன்னு பேசிப்போம். பூ? "நல்லா வளர்ந்துட்டு பூக்கும்"னு பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா சொல்லிட்டாங்க. அவங்க சொன்னா எங்க தெருவுக்கு அதுதான் சட்டம்.

எங்க சர்ச்ல ஞாயித்துக்கிழமை ஆல்டருக்கு பூ வைக்கறது வாரம் ஒரு குடும்பத்தோட முறை. எல்லாரும் தாம்பரம் மார்க்கெட்ல வாங்கிட்டு வந்து வைப்பாங்க. ஜனவரில எங்க முறை. நான் சும்மா இருந்திருக்கலாம்... நாலு மாசம் முன்னாடியே "இந்த தடவை எங்க வீட்டு ரோஜாதான்"னு பெண்கள் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லித் தொலைச்சேன்.

ஸ்டெல்லா அக்கா விடுவாங்களா? "ஏண்டி கிரேஸ், ஆல்டருக்கு இலையக் கட்டி வைக்கப் போறியா?"

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்கு அழுகையா வந்துது. அதைவிட ரோஷம்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து, சாஞ்சிருந்த அந்த நெட்டைக் கிளைக்கு குச்சி கட்ட குனிஞ்சேன். அப்பதான் பார்த்தேன்... அது ஒட்டுப் போட்ட முடிச்சுக்கு கீழருந்து வருது! இலை வேற, முள்ளு வேற. பக்கத்துல நோஞ்சானா நிக்குதே, அதுதான் நான் வாங்கின ரோஜா.

மாங்கன்னுல ஒட்டுக்கு கீழ துளிர் விட்டா கிள்ளி எறியணும்னு எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். ரோஜாவும் ஒட்டுதானேன்னு ஒருத்தருக்கும் தோணல! நாங்க போட்டி போட்டு வளர்த்ததெல்லாம் அடில இருந்த காட்டு ரோஜாவ.

கத்தரிக்கோல எடுத்தேன். அடியோட ஒரே வெட்டு.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். "அடிப்பாவி, இருந்த ஒரே நல்ல கிளையையும் வெட்டிட்டியே!" சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு தலைல கை வெச்சுக்கிட்டாங்க.

அப்புறம் அந்த நோஞ்சானுக்கு என்ன ராஜ உபசாரம்... டீத்தூள், முட்டை ஓடு, பால்காரர் வீட்டு சாணி, மீன் வாங்கற அன்னிக்கெல்லாம் மீன் கழுவின தண்ணி. மழை விட்டு பனி ஆரம்பிச்சுது. ஒரு மொட்டு... அப்புறம் கிளைக்கு கிளை மொட்டு!

எங்க முறை வந்த ஞாயிறு... பித்தளை ஜாடி நெறைய சிவப்பு ரோஜா. கடைப் பூ ஒண்ணுகூட இல்ல. நான் முன் வரிசைலதான் உட்கார்ந்தேன், வேணும்னே!

ஆராதனை முடிஞ்சதும் யாரோ "எந்தக் கடைப் பூ?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஸ்டெல்லா அக்கா முந்திக்கிட்டாங்க. "கடையா? எங்க கிரேஸ் வீட்டுப் பூவாக்கும்!"

'எங்க' கிரேஸாம்!

அன்னிக்கு சாயங்காலமே கேட் சத்தம். அக்காதான். "கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு வாடி. எதை வெட்டணும்னு காட்டு." அந்த மாசம் முடியறதுக்குள்ள எங்க தெருவுல ஒரு நெட்டைக் கிளைகூட மிச்சமில்ல.

இப்போ மேடவாக்கத்துல அபார்ட்மென்ட். ஆன்லைன்ல ஆர்டர் பண்ணா செடி வீட்டுக்கே வருது, உரம் பாக்கெட்ல வருது. மீன் தண்ணி ஊத்தினா கீழ் வீட்லேருந்து கம்ப்ளெயின்ட் வருது! சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு கிண்டல் பண்ணத்தான் அக்கா இல்ல.

நேத்து அபார்ட்மென்ட் குரூப்ல மேல் வீட்டுப் பொண்ணு ஒரு போட்டோ போட்டிருந்தா. "என் ரோஜா கிரில் உச்சிய தொட்டுடுச்சு!" கீழ ஒரே ஹார்ட்டா குவியுது.

நான் கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு லிஃப்ட்ல ஏறிட்டேன்.