செல்லாயி பெயரில் நான் எழுதிய தாள்

சைக்ளோஸ்டைல் மையின் வாசனையும் ஈரக் கம்பளியின் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்கு அதுதான் இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு. அறுபதுகளின் தொடக்கம்.

அன்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பட்டம் முடித்துக் கல்வியியல் படிக்கிற ஆறு பேருக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர். அவர்களுடைய பயிற்சிக்காக எங்கள் கணக்கறிவைச் சோதிக்க வந்தார்கள்.

வகுப்பு ரெஜிஸ்டரில் உள்ள எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதி, பால்மா டின்னில் போட்டுக் குலுக்கினார்கள். பத்துச் சீட்டு எடுத்தார்கள். என் பெயர் வரவில்லை.

எட்டாவதாக வந்தது செல்லாயி.

செல்லாயி எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், அடுத்த வீடு. அவள் அம்மா கொழுந்து பறிக்கப் போவதால், கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டோடு நின்று மூன்று மாதமாகியிருந்தது. ஆனால் பெரிய வாத்தியார் ரெஜிஸ்டரில் அவள் தினமும் வந்ததாகவே போட்டுவந்தார். "பேர வெட்டிட்டா அப்பறம் அந்தப் புள்ள திரும்ப வரவே வராது" என்று அவர் என் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

சீட்டைப் படித்ததும் வாத்தியார் என் பக்கம் குனிந்தார்.

"நீ போயி அவ எடத்துல ஒக்காரு. மேல அவ பேர எழுது."

எழுதினேன். இருபது கணக்கு. எல்லாமே எனக்குத் தெரிந்தவை. ஒன்றிரண்டைத் தப்பாகப் போட்டுவைக்க வேண்டும் என்று அந்த வயதில் தோன்றவில்லை.

சாயந்தரம் செல்லாயியிடம் சொன்னேன். இடுப்பில் தம்பியோடு நின்று சிரித்தாள்.

"பாஸ் பண்ணிட்டேனாடி?"

"எல்லாமே சரின்னுதான் நெனைக்கிறேன்."

"பாத்தியா, பள்ளிக்கூடமே வராம மொத ஆளு நான்தான்."

அடுத்த வாரம் செய்தி வந்தது. நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளின் வீட்டைப் பார்க்கச் சனிக்கிழமை வருகிறார்களாம். முதலில் செல்லாயி வீடு.

அவளிடம் ஒரு கணக்குக் கேட்டாலே போதும், எல்லாம் தெரிந்துவிடும். வாத்தியாருக்கு வேலை போகும். அப்பா தோலை உரிப்பார். சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம்.

வெள்ளிக்கிழமை இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, குப்பி லாம்பைத் திரி தாழ்த்தி வைத்துக்கொண்டு, கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் பென்சிலை நிறுத்தினேன்.

'ஐயா, அது செல்லாயி எழுதியது இல்லை. நான் எழுதியது. அவள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். வாத்தியாரை ஒன்றும் செய்ய வேண்டாம்.'

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் அதை விரிவுரையாளர் கையில் கொடுத்தேன். பக்கத்தில் வாத்தியார் நின்றார். நான் அவர்களுடைய சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விரிவுரையாளர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு விடைத்தாள் கட்டுக்குள்ளிருந்து என் தாளை உருவி எடுத்துத் தனியாக வைத்தார். அட்டவணையில் செல்லாயியின் மார்க்கை அடித்துவிட்டு ஒரு கோடு போட்டார். அந்தப் பத்துப் பேரிலேயே அதிக மார்க் அது. இப்போது அது யாருக்கும் இல்லை.

அவருடன் வந்த மாணவர்களில் ஒருவர் கேட்டார்: "சேர், வேற ஒரு சீட்டை எடுத்துப் போடலாமே?"

"போடலாம். போட்டால் பள்ளிக்கூடம் வந்த பிள்ளையளைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரியவரும். வராத பிள்ளையைப் பற்றி ஆர் சொல்லுறது?"

பிறகு வாத்தியாரைப் பார்த்து, "நான் இன்ஸ்பெக்டர் இல்லை, மாஸ்டர். உங்கட ரெஜிஸ்டர் எனக்குத் தேவையில்லை" என்றார்.

லயத்துக்குப் போய் செல்லாயி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கணக்கு எதுவும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எழும்புகிறாள், தம்பிக்கு யார் பால் கரைப்பது, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்... அவ்வளவுதான். அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வாத்தியார் பயந்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து செல்லாயிக்கு வரவு போடவில்லை. மாதக் கடைசியில் அவள் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு. என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடிதம் எழுதியது நான்தான் என்று செல்லாயியிடம் சொன்னேன். அவள் தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"கெடக்குது விடு. நீ எழுதலன்னாலும் நான் எங்க வந்திருக்கப் போறேன்."

அது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில வருடங்களில் அவர்கள் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. நான் படித்து, அதே புள்ளியியலைப் பல வருடம் கல்வியியல் மாணவர்களுக்கும், முகாமைத்துவம், அதாவது மேனேஜ்மென்ட், படிக்கிறவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன்.

அன்றைக்கு அட்டவணையில் வெற்றுக் கட்டம் ஒன்றுக்காக லயம்வரை போனார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு தட்டு. சராசரியைப் போட்டு நிரப்பிவிடுகிறது. அதற்கும் முறைகள் உண்டு, நானே கற்பித்திருக்கிறேன். ஆனால் நிரப்புவதற்கு முன்னால், அந்த ஆள் ஏன் வரவில்லை என்று ஒரு வரி எழுதச் சொல்வேன்.

"மேடம், அத எங்க போயி தேடுறது?" என்று முணுமுணுப்பார்கள். நான் காரணம் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

போன மாதம் மகள், "ஃபேஸ்புக்ல தேடிப் பாருங்கம்மா, கிடைப்பாங்க" என்றாள். செல்லாயி என்று தட்டினோம். தமிழ்நாட்டில் எத்தனை செல்லாயிகள்... ஒருத்தியின் முகத்தைக் காட்டி, "இவங்களா இருக்குமோ?" என்றாள். வயது சரிதான். சிரிப்பும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "வேற சீட்ட எடுக்க வேண்டாம்."