அம்மை போடாத வீடு

காலை பத்து நாற்பதுக்கு மகளின் வகுப்பு டீச்சர் போன் செய்தார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

"சார், பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சுங்களா? அரையாண்டுப் பரீட்சை வருது, அதான் கேட்டேன்."

"என்ன தண்ணி டீச்சர்?"

"அம்மை போட்டிருக்குன்னு ஒங்க மகன் போன்ல சொன்னாரே. இன்னும் எறங்கலையா?"

என் வீட்டில் யாருக்கும் அம்மை போடவில்லை. அன்று காலையும் யூனிபார்மோடு அவள் அண்ணனின் பைக்கில் ஏறிப் போனதை நான் பார்த்தேன். டீச்சரிடம் ஏதோ உளறிவிட்டு போனை வைத்தேன். எங்கள் பக்கம் அம்மை என்றால் யாரும் அந்த வீட்டை எட்டிப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் ஊற்றும்வரை விசாரிக்கவும் தயங்குவார்கள். அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறான்.

மனைவியைப் போனில் கூப்பிட்டேன்.

"அம்மையா? காலையில சட்னி காரம்னு என்னோட சண்டை போட்டுட்டுல்ல போனா. என்னங்க சொல்றீங்க?"

மகனின் போன் சுவிட்ச் ஆஃப். பள்ளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை என்றால் ஒரு பெண்பிள்ளை பகலெல்லாம் எங்கே இருப்பாள்? இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு, கம்ப்யூட்டர் சென்டர், மகன் உட்காரும் டீக்கடை என்று அலைந்தேன். யாரிடமும் வாய்விட்டுக் கேட்கப் பயம். பெண்ணைக் காணோம் என்று ஒரு வார்த்தை வெளியே போய்விட்டால் அப்புறம் அவள் பாடு என்ன? மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கு அலைகிறவன். தங்கையை எங்கே கொண்டுபோய் விடுகிறான்?

பள்ளி விடும் நேரத்துக்குச் சரியாக வீட்டு வாசலில் பைக் வந்து நின்றது. மகள் இறங்கினாள். மகன் வண்டியிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர் பேசுனாங்க," என்றேன்.

மகள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஜவுளிக்கடையில பில் போடுறேன்ப்பா. அண்ணன்தான் அந்த வேலையைக் கேட்டுப் போச்சு. இன்ஜினியரிங் படிச்ச ஆளு நெலைக்காதுன்னுட்டாங்க. கூட நின்ன என்னயப் பாத்து, நீ வாறியாம்மான்னாங்க."

"அப்ப ஒம் படிப்பு?"

"படிச்சு முடிச்சா எனக்கும் இல்லேம்பாங்க."

மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போற," என்றேன்.

"போறேன்ப்பா. எனக்குப் பதிலா அண்ணனை வச்சுக்கச் சொல்லி நீங்க வந்து கடையில கேளுங்க. அவங்க சரின்னுட்டா, நாளைக்கே போறேன்."