ஏரிக்கு நடுவில் ஒரு மீன் கடை

நண்பர்களே, என் மீசை மீது ஆணையாகச் சொல்கிறேன்... இதை நீங்கள் ஒருவரும் நம்பப் போவதில்லை. பரவாயில்லை, படியுங்கள்.

சூடான எண்ணெயில் மசாலா மீன் விழும் அந்த "ஸ்ஸ்ஸ்"... அயனம்பாக்கத்தில் மல்லிகா அக்காவின் தள்ளுவண்டிச் சத்தம் அது. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில், மடியில் லேப்டாப்போடு, இணைய விளம்பர உலகின் சக்கரவர்த்தியாகிய நான்!

சக்கரவர்த்தி என்றால் சும்மாவா? கூப்பன் வெப்சைட் ஆரம்பித்தேன், படுத்தது. கல்யாண மண்டபங்களுக்கு ஒரு வெப்சைட், அதுவும் படுத்தது. பிறந்தநாள் எஸ்.எம்.எஸ். கம்பெனியை நான் மூடியபோது செயற்கைக்கோள்களே கண்ணீர் விட்டன. அடுத்து, போன் மேப்பில் கடைகளைக் காட்டும் விளம்பரம். அதில் முதல் கிளையன்ட் மல்லிகா அக்கா.

அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவர். தெருமுனையில் ஈ, காக்கை இல்லை.

"இன்னா நைனா, உன் இன்டர்நெட்டு தூங்கிகினு கீதா? இந்த ஞாயித்துக்கெழம பாப்பேன். ஆள் வரலன்னா திங்கக்கெழம காலைல கம்பெனி பஸ் ஏறிடுவேன். சூப்பர்வைசர் அதுவரைக்கும்தான் எடம் வெச்சிருப்பேன்றாரு."

அன்று மாலையே உலக மகா யோசனை ஒன்று உதித்தது. எங்கள் தெருவை மேப்பில் யார் தேடுகிறார்கள்? ஒருவரும் இல்லை. அயனம்பாக்கம் ஏரியை? ஊரே தேடுகிறது! அப்படியே கடையின் புள்ளியைத் தூக்கி, ஏரி நடுவில் வைத்தேன். 'ஏரி மீன் வறுவல்' என்று பெயர் சூட்டி, விளம்பரத்தைத் தட்டிவிட்டேன்.

ஞாயிறு மாலை கரைப் பக்கம் போனவன், பைக்கை நிறுத்த மறந்து நின்றேன். தூக்கிவாரிப் போட்டது!

கரை முழுக்க ஜனம்! பைபாஸ் வரை கார்கள்! அண்ணனூரில் ரயிலை நிறுத்திவிட்டு டிரைவரே இறங்கி வந்துவிட்டாராம்! எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே முறைக்கிறார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"அண்ணாத்தே, ஏரி நடுவுல ஓட்டல் கீதாமே... படகு எங்க ஏறணும்?"

அவர் பின்னால் ஒரு குழந்தை நீச்சல் டியூபோடு தயாராக நிற்கிறது.

பைக்கை விரட்டி அக்காவிடம் ஓடினேன். வாங்க ஆளில்லாத வண்டி முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கரண்டியாலேயே அடிப்பார் என்று இரண்டடி தள்ளி நின்றேன்.

"ஜனம் அங்க கீதா?"

"கீது அக்கா... ஆனா படகு கேக்கறாங்க..."

"பசி எடுத்தா படகு மறந்துபூடும். பேசிகினு நிக்காத, வண்டியத் தள்ளு மாமே!"

தள்ளினேன். சக்கரவர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினேன். கரையில் அடுப்பு பற்றியது. "ஸ்ஸ்ஸ்..."

படகு கேட்டவர்தான் முதலில் வந்தார். "ஏரி மீனாக்கா?"

"காசிமேட்டுக் கடல் மீனு. இந்த ஏரில புடிச்சா நீ துன்னுவியா?"

அவர் ஏரியைப் பார்த்தார். இரண்டு தட்டு வாங்கினார். அப்புறம் வரிசை... இருட்டுவதற்குள் பாத்திரத்தில் மசாலா வாசனை மட்டும் மிச்சம்.

இப்போது வானகரத்தில் எனக்கு ஏ.சி. ஆபீஸ். சுவர் அளவுக்கு ஸ்கிரீன். யார் பார்த்தார், எங்கே தட்டினார், எல்லாம் நொடிக்கு நொடி ஓடுகிறது... யாருக்குப் பசித்தது என்று மட்டும் அதில் வருவதில்லை. வண்டியைத் தள்ளு என்று அதட்டவும் ஆள் இல்லை.

சரி, மீசை துடிக்கிறது, சொல்லிவிடுகிறேன். ரயில் நிற்கவில்லை. பைபாஸ் வரை கார் இல்லை. வந்தது நாலைந்து குடும்பம்தான். நீச்சல் டியூப் என் கைச்சரக்கு.

ஆனால் அந்தத் திங்கள் காலை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் நின்றேன். கம்பெனி பஸ் வந்தது, நின்றது, ஹாரன் அடித்தது. அக்கா வரவில்லை. பஸ் போய்விட்டது.

அது மட்டும் நிஜம்.