சும்மா பார்க்க வந்தவள்

தென்காசியில் ஆள் முகம் பார்த்தே துணி எடுத்துப் போடுவதில் ஆவுடைநாயகம் அண்ணாச்சியை அடிக்க ஆள் கிடையாது. அந்த ஜவுளிக்கடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேலை விரித்தவன் நான். எங்கள் பக்கத்து ஜனம் பெரிய கடைக்குச் சும்மா வராது. கல்யாணம் என்றால் வண்டி நிறைய வரும். சாவு வீட்டில் தாலியறுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் வெள்ளைக் கோடிச்சேலை எடுக்க என்றால் ஒன்றிரண்டு பேர், தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். குற்றாலம் சீசனுக்கு வருகிற மெட்ராஸ்காரர்கள் வேறு ரகம். அருவியில் குளித்த ஈரத்தலையோடு வந்து, ஃபேனுக்கு அடியில் கலர் சோடா குடித்து, நாற்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, "சும்மாதான் பார்த்தோம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். மடிக்கிறவன் கை என்ன இரும்பா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுபத்தைந்து ஆவணியில் வடகரை முத்துவடிவு தனியாகப் படியேறினாள். புருஷன் பட்டாளத்தில். அந்த மெட்ராஸ்காரிகளைப் போல் ஒருநாளாவது உட்கார்ந்து சேலை பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அது அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்? கூட ஆளில்லை, முகம் தரையில். சாவு வீடு என்று முடிவு கட்டி, வெள்ளைச் சேலையை அவள் முன்னால் வைத்தார்.

"யாருக்குத் தாயி கோடி?"

"ஐயோ, எங்க வீட்ல யாரும் சாவல அண்ணாச்சி! சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று அழுதுகொண்டே இறங்கி ஓடினாள்.

பதினைந்தாம் நாள், அவள் புருஷன் சண்டையில் செத்துப்போனான் என்று தந்தி வந்தது. அவளுக்குக் கோடி எடுக்க அவள் அண்ணன் எங்கள் கடைக்கே வந்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"என் நாக்குதாம்லே அவனைக் கொன்னுட்டு" என்றார் அண்ணாச்சி.

"சண்டையில செத்ததுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று அதட்டினேன். அவர் காதில் ஏறவில்லை. அதன்பிறகு வாசலில் ஒரு பெண் தனியாக நின்றாலே வெள்ளைச் சேலை இருக்கிற பக்கம் அவர் கை போகாது.

மறுவருஷம் இலத்தூரிலிருந்து ஒருத்தர் அழுது வீங்கிய கண்ணோடு வந்தார். அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் அரக்கிலும் மாம்பழக் கலரிலும் பட்டுச்சேலைகளை விரித்துப் போட்டார்.

"மாப்பிள்ளை செத்துக் கெடக்காரு. மகளுக்குக் கோடி எடுக்க வந்தா கேலியா பண்ணுதீரு?" என்று அவர் அடிக்கவே கை ஓங்கிவிட்டார். முதலாளி அன்றைக்கே அண்ணாச்சியை வேலையை விட்டு நிறுத்தினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அழுதுட்டு வாரவர்கிட்ட பட்டுச்சேலைய விரிக்கீங்களே, கண்ணு தெரியலையா?" என்று தெருவில் நின்று கத்தினேன்.

"தெரிஞ்சுதுலே" என்றார். "நான் வெள்ளையை எடுக்காம இருந்தா, அந்த வீட்டுப் பய பிழைச்சிர மாட்டானான்னு நெனச்சேன்."