ராசம்மாவின் கட்டில் வாழ்த்துகள்

"அர்த்தம் தெரியாம கைய வைக்க மாட்டேன்," என்று சைப்பிரஸ் இலைக் கூடையைக் கீழே வைக்கிறார் ராசம்மா. இலங்கையின் நானுஓயாவில் விடுதியாகிவிட்ட பழைய தேயிலைத் தோட்டத் துரை பங்களா இது. டிசம்பர் வந்தால் விருந்தினரின் மொழியிலேயே நத்தார் எனும் கிறிஸ்துமஸ் வாழ்த்தை இலைகளால் கட்டிலில் எழுதுவது இவர் வேலை. வரவேற்பில் இருக்கும் பிரேமினி எழுத்துகளைத் தாளில் எழுதித் தருவாள். இவர் பார்த்து அடுக்குவார். முதலில் பொருள் சொல்லியாக வேண்டும். "வாழ்த்துன்னு நெனச்சு வசவ எழுதிட்டா யாருங்க பொறுப்பு?"

கேட்டுக் கேட்டே தேறிவிட்டார். "ஜெர்மன்காரங்களுக்கு அது புனிதமான ராத்திரியாம். இத்தாலிக்காரங்களுக்குப் பொறப்பு. நம்ம சிங்கள ஆளுங்க சொல்ற நத்தலும் பொறப்புதான். போர்த்துக்கீசன் கப்பல்ல கொண்டாந்த சொல்லாம்." இவர் கும்பிடுவதோ மாரியம்மனை. இயேசுவின் பிறப்பை இத்தனை மொழியில் விசாரித்தவர்கள் தேவாலயத்திலேயே இருக்கமாட்டார்கள்.

மேனேஜருக்குத் தேயிலைக் கொழுந்தில் எழுதினால் பிடிக்கும். இவர் அதைத் தொடுவதில்லை. "பத்தொம்பது வருசம் பறிச்சாச்சு. கட்டில்லயும் அதானா?"

இன்று ஏழாம் அறையில் பிரெஞ்சு வாழ்த்து. முதல் சொல் மகிழ்ச்சி, அடுத்தது பிறப்பு. எழுதி முடித்த நேரத்தில் பிரேமினி ஓடி வந்தாள். இருவருக்கென்று பதிவான அறைக்கு அந்தப் பிரெஞ்சுக்காரர் தனியாக வந்திருக்கிறார். மனைவி இறந்து மூன்று மாதமாம்.

ராசம்மா அப்படியே நின்றுவிட்டார். போன வருடம் கணவர் மூக்கன் இறந்தபோது இவர் வீட்டில் தீபாவளி இல்லை. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒருவரும் வாழ்த்துச் சொல்லவில்லை. "அதாங்க மருவாத," என்றார், அடுத்த அறையில் தங்கியிருந்து, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம்.

சட்டென்று குனிந்து முதல் சொல்லைக் கலைக்கத் தொடங்கினார். பிரேமினி பதறினாள்.

"ராசம்மாக்கா, முழுசா இருக்கணும்! மேனேஜருக்குப் படம் அனுப்பணும்ல. போன வருசம் ஒரு எழுத்து விட்டுப் போனதுக்கே ஒருத்தங்கள வேலைய விட்டு நிப்பாட்டுனாரு. இப்ப என்னையத்தான் கேப்பாரு."

"பொறப்பு இருக்கட்டும்மா. சந்தோசத்த நாம சொல்லக்கூடாது."

கடைசி இலையையும் பொறுக்கியெடுத்து, விரிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். பிரேமினி கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி தயங்கினாள். வழக்கமாகப் படத்தில் கட்டில் மட்டுமே இருக்கும். ராசம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தன் முகமும் படத்தில் விழும்படி கட்டிலோரம் வந்து நின்றார்.