நான் எழுதியதை நானே நகலெடுக்கக் கூடாதாம்!

நான் திருநெல்வேலி டவுணில் ஆசிரியை. குழந்தைகள் தமிழ் எழுத்துப் பழகுவதற்காகச் சென்ற ஆண்டு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினேன். பிற பள்ளிகளுக்கும் உதவட்டும், வேண்டியபடி திருத்திக்கொள்ளட்டும் என்று புரோகிராமின் மூல வரிகளையே (சோர்ஸ் கோடு) பிளாப்பியில் போட்டு, என்னோடு கம்ப்யூட்டர் படித்த ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்தேன்.

போன மாதம் நாங்குநேரியில் என் தோழி வேலை பார்க்கும் பள்ளிக்குப் போயிருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் திரையில், என் புரோகிராமுக்காக நான் வரைந்த அதே கொம்பு கோணிய பசு! கீழே, நான் பிளாப்பி கொடுத்தவரின் பெயர். என்னவெல்லாம் மாற்றியிருக்கிறார் என்று பார்க்க ஒரு பிரதி எடுக்கப் போனேன். தோழி பதறிப்போய் என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, காப்பி எடுத்திராத! வெல கொடுத்து வாங்கினது. எடுத்தா கேஸ் போடுவாங்களாம்!”

உடனே அவருக்குப் போன் செய்து, என் புரோகிராமை எப்படி விற்கலாம் என்று கேட்டேன்.

“நீங்க சும்மாதானக்கா தந்தீங்க? விக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருந்தீங்களா?” என்றார்.

நான் எங்கேயும் எழுதவில்லைதான்.

இப்போதும் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். ஆனால் சோர்ஸ் கோடின் முதல் வரிகளிலேயே, ‘எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது, யாரும் திருத்தலாம், நகலெடுக்கலாம், விற்கக் கூடாது’ என்று எழுதிவிடுகிறேன். சும்மா கொடுப்பதற்கும் எழுத்தில் நிபந்தனை வேண்டும் என்று எனக்கு முன்பே யார் சொன்னார்கள்!